பின்தங்கியவரா, பிற்படுத்தப்பட்டவரா?

உப்பு விளையும் ஊரிலே ஆசிரியப் பணி ஏற்றோர் நாம். ஒருபுறம் கடல், மறுபுறம் கழுவேலி, இடையிலே பாத்தி பாத்தியாக வெள்ளை பூத்துக் கிடக்கும் மரக்காணத்து உப்பளம். சிறுபாணாற்றுப்படை காட்டும் எயிற்பட்டினம் இந்த ஊரே என்று ஆராய்ச்சியாளர் சிலர் உரைப்பர். பெருமைதான், மறுக்கவில்லை! ஆனால் பழம்பெருமை, பாத்தியிலே நிற்பவரின் காலை உப்புக் கரிப்பிலிருந்து காத்துவிடுவதில்லை. தை பிறந்து வெயில் ஏற ஏற உப்பு விளையும். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தியும் மூழ்கும், கூலியும் மூழ்கும். அந்தப் பாத்திகளிலே உப்பு வாரும் தாய்மாரின் பிள்ளைகள் நம் வகுப்பிலே அமர்ந்திருக்கின்றனர்.

ஒருநாள் உதவித்தொகைப் படிவங்களை நிரப்பிக் கொண்டிருந்தோம். படிவம் இரு மொழியில் இருந்தது. ஆங்கிலத்திலே 'பேக்வர்டு கிளாஸ்' என்றொரு கட்டம். அதற்கு நேரே தமிழிலே 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு'. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, எழுதுகோலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"ஐயா! பிற்படுத்தப்பட்ட என்று போட்டிருக்கிறதே, யார் ஐயா பிற்படுத்தியது?"

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. ஆங்கிலக் கட்டத்தை ஆயிரம் முறை படித்தாலும் எழாத கேள்வி அது! 'பேக்வர்டு' என்ற சொல்லைப் படிப்பவன், பின்னால் நிற்பவனைக் காண்கிறான், அவ்வளவே. 'பிற்படுத்தப்பட்ட' என்ற சொல்லைப் படிப்பவன், பின்னால் நிற்பவனையும் காண்கிறான், அவனைப் பின்னுக்குத் தள்ளிய கையையும் தேடுகிறான். மூலத்திலே இல்லாத வினா மொழிபெயர்ப்பிலே முளைத்துவிட்டது. அந்த வினாவின் வரலாற்றைத்தான் இங்கே கூறப் புகுந்தோம்.

முதலில் இலக்கணம். அஞ்ச வேண்டாம், நன்னூலை முழுதும் ஒப்பிக்கச் சொல்லப் போவதில்லை! 'மாடு ஓடியது' என்பது தன்வினை. 'மாட்டை ஓட்டினான்' என்பது பிறவினை. 'மாடு ஓட்டப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. ஓடிய மாட்டுக்கு ஓட்டியவன் வேண்டியதில்லை. ஓட்டப்பட்ட மாட்டுக்கு ஓட்டியவன் ஒருவன் இருந்தே தீர வேண்டும். வாக்கியத்திலே அவன் பெயர் இல்லாமற் போகலாம்; வயலிலே அவன் இல்லாமற் போக முடியாது.

இதே அளவுகோலை எடுத்துக்கொண்டு 'பேக்வர்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழர் வழங்கிய மூன்று பெயர்ப்புகளைப் பாருங்கள். 'பின்தங்கிய' என்றனர் சிலர். வழியிலே அமர்ந்து இளைப்பாறி, மற்றவரைப் போகவிட்டுத் தானே தங்கிவிட்டவன் போல! சோம்பேறி என்ற வசை அந்தச் சொல்லின் மடியிலே ஒளிந்திருக்கிறது. 'பிற்பட்ட' என்று வழங்கினர் வேறு சிலர். அரசு ஏடுகளிலும் அச்சொல் நெடுங்காலம் உலவிற்று. வசை குறைந்தது, ஆனால் அதுவும் தன்வினைதான், மழை பெய்தது, பயிர் விளைந்தது என்பதுபோல இவரும் பிற்பட்டார். மூன்றாவதாக வந்தது 'பிற்படுத்தப்பட்ட'. 'படுத்து' என்ற பிறவினை உள்ளே புகுந்தது. 'பட்ட' என்ற செயப்பாடு அதன்மேல் ஏறிற்று. காணாமற் போயிருந்த எழுவாய், கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்துவிட்டது!

'தாழ்ந்த சாதி' என்று கூசாமல் எழுதிய நாட்டிலே 'தாழ்த்தப்பட்டோர்' என்ற சொல் பிறந்ததும் இவ்வாறே. தாழ்ந்தவன் என்றால் பிறப்பின் மீது பழி. தாழ்த்தப்பட்டவன் என்றால் தாழ்த்தியவன் மீது பழி. நடுவிலே நிற்பவை ஓரிரு எழுத்துகள். அவற்றை நுழைக்க ஒரு தலைமுறை மேடைதோறும் பேசவேண்டியிருந்தது, ஏடுதோறும் எழுதவேண்டியிருந்தது.

வடக்கே இந்தியிலே இதே வகுப்பினரைப் 'பிச்சடா வர்க்' என்பர். அதுவும் பின்தங்கிப்போன என்ற பொருள் தரும் தன்வினைச் சொல்லே. தமிழ் மட்டுமே குற்றவாளியைக் கூண்டுக்கு அருகிலாவது அழைத்து வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. பிற மொழிகளை நாம் அறியாததால் அடக்கிக் கொள்கிறோம். இன்னொன்றும் கவனியுங்கள். எதிர்த்தரப்பினருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'முற்பட்டோர்' என்பதே. 'முற்படுத்தப்பட்டோர்' என்று எவரும் எழுதக் கண்டோமா? பின்னுக்குத் தள்ளிய கை ஒன்று இருந்ததெனில் முன்னுக்கு ஏற்றிவிட்ட கையும் ஒன்று இருந்திருக்க வேண்டுமே! பாதிக் கணக்கைத்தான் எழுதியிருக்கிறோம்.

இந்தச் சொல் வெறும் பேச்சு வழக்கிலே கிடந்திருந்தால் இவ்வளவு நேரம் அதனோடு போராடத் தேவையில்லை. இது அரசமைப்புச் சட்டத்திலே அமர்ந்திருக்கும் சொல். அமர்ந்த கதையோ, நம் சென்னையிலே தொடங்கிய கதை!

1948 நவம்பர் 30ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையிலே, அரசுப் பணிகளில் இடஒதுக்கீடு பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. இன்றைய 16(4)ஆம் பிரிவு அது. குடிமக்களில் 'பேக்வர்டு' வகுப்பார் எவருக்கும் இடம் ஒதுக்கலாம் என்றது வரைவு. 'பேக்வர்டு' என்ற அடைமொழியை நுழைத்தது வரைவுக் குழு. யார் அந்த வகுப்பார் என்று உறுப்பினர்கள் கேட்டனர். சென்னையிலிருந்து சென்றிருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, இது வழக்கறிஞர்களின் சொர்க்கமாகும் என்று கேலி பேசினார். அண்ணல் அம்பேத்கர் விடையளித்தார்: எந்த வகுப்பு அவ்வாறானது என அரசு கருதுகிறதோ அதுவே அந்த வகுப்பு என்று. சட்ட மேதையே வரையறை தராமல் விட்ட சொல்! கவனக்குறைவால் அல்ல, ஒவ்வொரு மாகாணத்திலும் பின்னுக்குத் தள்ளப்பட்டோர் வெவ்வேறு வகுப்பார் என்பதை அறிந்தே விட்டார்.

1950 சனவரி 26இல் சட்டம் நடப்புக்கு வந்தது. அப்போது சென்னை மாகாணத்திலே வகுப்புவாரி உரிமை ஆணை நடப்பில் இருந்தது. நீதிக்கட்சிக் காலத்து வித்து. 1928 முதல் அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் உரம் பெற்றது. கல்லூரி இடங்கள் 14 என்றால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ-இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முசுலிம்களுக்கு 1 என்பது அப்போதைய பங்கீடு. எவரையும் வெளியே நிறுத்தவில்லை. எல்லோரையும் பந்தியிலே அமரச் செய்து இலைக்கணக்கு வைத்தது, அவ்வளவே. ஆனால், நெடுங்காலம் பந்தி முழுதும் தமக்கே என்றிருந்தவர்களுக்கு இலைக்கணக்கே அநீதியாகத் தோன்றிற்று!

மருத்துவக் கல்லூரி இடம் பற்றிச் செண்பகம் துரைராசனும், பொறியியல் கல்லூரி இடம் பற்றிச் சீனிவாசனும் உயர்நீதிமன்றம் சென்றனர். அம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பிறகு உச்சநீதிமன்றத்திலே தெரிய வந்தது. சீனிவாசனுக்காக வழக்காடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். அரசமைப்பு வரைவுக் குழுவிலே உறுப்பினராக அமர்ந்தவர்! நெய்தவரே வந்து, இழை இங்கே இல்லை என்று காட்டினார். 1950 சூலை 27இல் ஆணை செல்லாது என்றது உயர்நீதிமன்றம். 1951 ஏப்ரல் 9இல் எழுவர் அமர்ந்த உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பணிகளுக்கு 16(4) இருக்கிறது, கல்விக்கு அப்படியொரு பிரிவு இல்லையே என்றனர் நீதிபதிகள். நலிந்தோர் நலம் பேணச் சொல்லும் 46ஆம் பிரிவு வழிகாட்டும் நெறிதானே தவிர, அடிப்படை உரிமையை மீற அதற்கு வலுவில்லை என்றனர்.

தமிழகம் கொதித்தது. பெரியார் போர்க்குரல் எழுப்பினார், மாணவர் திரண்டனர், கடைகள் அடைபட்டன. கட்சி வேறுபாடு கடந்து எழுந்த கிளர்ச்சி அது. தில்லி செவிசாய்த்தது. ஒன்றரை ஆண்டு நிறையாத சட்டத்துக்கு 1951 சூன் 18இல் முதல் திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது. சமூகத்திலும் கல்வியிலும் 'பேக்வர்டு' ஆன வகுப்பாரின் முன்னேற்றத்துக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்றது அது. பொருளாதாரம் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும் என்ற குரல் அவையிலே எழுந்தது; ஏற்கப்படவில்லை. 340ஆம் பிரிவிலே முன்னரே இருந்த இரு அளவைகளே போதும் என்று நிறுத்திக்கொண்டனர். இதே முதல் திருத்தம் பேச்சுரிமைக்கும் புதுத் தளை பூட்டியது என்பதை, மகிழ்ச்சிப் பெருக்கிலே நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர். ஒரு கையால் கொடுத்தது, மறு கையால் எடுத்தது.

திருத்தம் என்றோமே, அந்தச் சொல்லையே சற்று உரசிப் பார்ப்போம். ஆசிரியர் கையிலே சிவப்பு மை, மாணவன் ஏட்டிலே பிழை, அதைத் திருத்துகிறோம். காட்டைத் திருத்திக் கழனியாக்கினர் என்கிறோம். உவர்நிலத்தைத் திருத்திப் பாத்தி கட்டினர் என்கிறோம். பிழை நீக்குவதும் திருத்தம். பயன்படுமாறு ஆக்குவதும் திருத்தம். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்துவிட்டது. 'அமெண்ட்மெண்ட்' வேறு, 'ரிஃபார்ம்' வேறு. ஆகவேதான் 1919ஆம் ஆண்டு மாண்டேகு-செம்ஸ்போர்டு ஏற்பாட்டைச் 'சீர்திருத்தம்' என்றும், 1951ஆம் ஆண்டு ஏற்பாட்டைத் 'திருத்தம்' என்றும் எழுதப் பழகினோம். வெள்ளையன் தந்தது சீர்திருத்தம், நாம் போராடிப் பெற்றது வெறும் திருத்தம்! சொல்லின் விளையாட்டைப் பார்த்தீர்களா?

இந்த விளையாட்டிலே நம்மைவிட அதிகம் அல்லற்படுபவர், ஸ்பானிய நாட்டுச் சட்டத்தை ஆங்கிலத்திலே பெயர்ப்போர். ஸ்பெயின் ஏன் இங்கே என்று கேட்கலாம். காரணம் உண்டு, அங்கேயும் அரசமைப்பு, உப்பளக் கரையிலேதான் பிறந்தது.

ஸ்பெயினின் தென்கோடியிலே காடிஸ் விரிகுடா. பண்டைக்காலந்தொட்டு உப்பு விளைந்த கரை அது. 1810இல் நெப்போலியன் படை நாட்டை விழுங்கிக் கொண்டிருந்தபோது, மக்கள் பேராளர்கள் அந்த விரிகுடாவின் லியோன் தீவிலே, உப்புப் பாத்திகள் சூழ்ந்த ஊரிலே, செப்டம்பர் 24ஆம் நாள் கூடினர். பிறகு காடிஸ் நகருக்குப் பெயர்ந்து, 1812 மார்ச் 19இல் அரசமைப்புச் சட்டம் ஒன்றை அறிவித்தனர். அந்த அவையிலே மன்னரின் தனியதிகாரத்தை எதிர்த்தவர் தம்மை 'லிபெராலெஸ்' என்றனர். எதிரணியினரைச் 'செர்விலெஸ்', அடிமைப் புத்தியினர், என்று ஏசினர். அதுவரை வள்ளல்தன்மை, தாராள மனம் என்றே பொருள் தந்த ஒரு சொல், அன்றுதான் அரசியல் கட்சியின் பெயராயிற்று. ஆங்கிலேயர் அதை முதலிலே ஏளனமாக, ஸ்பானிய உருவிலேயே எடுத்து வழங்கினர். பிறகு தமதாக்கிக் கொண்டு பெருங்கட்சி ஒன்றுக்கே சூட்டினர்.

அந்தச் சொல் கடல் கடந்து எங்கே வந்தது தெரியுமா தோழர்களே? நம் சென்னைக்கு! 1916 நவம்பர் 20இல் தியாகராயரும் டாக்டர் நாயரும் நடேசனாரும் கூட்டிய கூட்டத்திலே பிறந்த அமைப்பின் ஆங்கிலப் பெயர் 'சவுத் இந்தியன் லிபரல் ஃபெடரேஷன்'. நீதிக்கட்சி என்று நாம் வழங்குவது அதையே. அதற்குத் தமிழ்ப் பெயர் வைத்தவர் 'தாராளவாதிகள் சங்கம்' என்று வைத்திருக்கலாம். வைக்கவில்லை. 'தென்னிந்திய நல உரிமைச் சங்கம்' என்று வைத்தனர். தாராளம் என்பது கொடுப்பவனின் குணம். உரிமை என்பது கேட்பவனின் உடைமை. காடிஸ் உப்பங்கரையிலே அரசியல் மேடை ஏறிய சொல், ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்தபோது கொடையை விட்டுவிட்டு உரிமையைப் பற்றிக்கொண்டது. அகராதி பார்த்துச் செய்த பெயர்ப்பு அல்ல அது. தேவை பார்த்துச் செய்த பெயர்ப்பு.

இக்காலத்து ஸ்பெயினுக்கு வருவோம். கொடுங்கோலன் ஃபிராங்கோ 1975இல் மாண்டபின், 1978 டிசம்பர் 6இல் பொதுவாக்கெடுப்பிலே மக்கள் புதிய அரசமைப்பை ஏற்றனர். அதன் பத்தாம் தலைப்பு, சட்டத்தை மாற்றும் முறையைக் கூறுவது; அதற்கு ஸ்பானியப் பெயர் 'ரெஃபோர்மா'. ஒலியைக் கேட்டு 'ரிஃபார்ம்' என்று ஆங்கிலத்திலே எழுதினால், ஏதோ பெரிய மறுமலர்ச்சி என்று படிப்பவன் மயங்குவான். அது ஆங்கிலத்தார் 'அமெண்ட்மெண்ட்' என்று சொல்வதே. 'அமெண்ட்மெண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒலியிலே உறவான 'என்மியெந்தா' என்ற ஸ்பானியச் சொல்லோ, மசோதா ஒன்றின் மீது உறுப்பினர் அவையிலே கொண்டுவரும் திருத்தத்துக்கு உரியது. முகச்சாயல் பார்த்து உறவு கொண்டாடினால் தாயாதி மாறிவிடும்!

அந்தச் சட்டத்துக்கு 1992இல் வந்த முதல் மாற்றம் எவ்வளவு பெரிது என்கிறீர்கள்? இரண்டே சொற்கள்! ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட மாஸ்திரிக்ட் உடன்படிக்கைக்காக, வேற்று நாட்டார் உள்ளாட்சித் தேர்தலிலே பெறத்தக்க வாக்குரிமையைக் கூறும் 13ஆம் பிரிவிலே 'ஆக்டிவோ' என்றிருந்ததோடு 'இ பசிவோ' என்று சேர்த்தனர். ஆங்கிலத்திலே சொல்லுக்குச் சொல் வைத்தால் 'பாசிவ் சஃப்ரேஜ்'. செயலற்ற வாக்குரிமை என்று தமிழ்ப்படுத்துவான் அவசரக்காரன். வாக்குச்சாவடிக்குப் போகாமல் வீட்டிலே படுத்திருக்கும் உரிமையோ என்று மயங்குவான் படிப்பவன்! உண்மைப் பொருள் என்ன? 'ஆக்டிவோ' தேர்ந்தெடுக்கும் உரிமை. 'பசிவோ' தேர்ந்தெடுக்கப்படும் உரிமை. வேட்பாளராய் நிற்கும் உரிமை அது. செய்வினையும் செயப்பாட்டுவினையும்! நம் ஒன்பதாம் வகுப்பு இலக்கணமே அந்தப் பூட்டுக்குத் திறவுகோல். ஆங்கிலப் பெயர்ப்பாளர் ஒரு தொடரை எழுதித் தப்பித்தாக வேண்டிய இடத்திலே, தமிழ் 'அப்படும்' என்று ஒரு விகுதியை ஒட்டிவிட்டு நடக்கிறது.

2024 பிப்ரவரியிலே அதே சட்டத்தின் 49ஆம் பிரிவை மாற்றினர். உடற்குறை உடையோரைக் 'குறைவுற்றோர்' என்று பொருள்படும் சொல்லால் 1978இல் எழுதி வைத்திருந்தனர். அதை நீக்கி, குறைபாட்டைப் பின்னே வைத்து, மாந்தர் என்பதை முன்னே வைத்தனர். ஒரு பெயருக்காக அரசமைப்பையே திருத்திய செய்தி படித்து நாம் வியந்தோம். பிறகு, நம் தமிழகத்திலே 'ஊனமுற்றோர்' என்ற சொல்லைக் கலைஞர் 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றியதும், அதை அன்று எள்ளியவர் இருந்ததும் நினைவுக்கு வந்தன.

பெயரிலே என்ன இருக்கிறது என்று கேட்போர் மரக்காணம் வந்து பார்க்கட்டும். அதே வகுப்பிலே வேறொரு நாள் குடிமையியல் பாடம். 'ஒன்றிய அரசு' என்று நாம் சொன்னதும், முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "ஒன்றியம் என்றால் நம் மரக்காணம் ஊராட்சி ஒன்றியம்தானே ஐயா?" என்றாள். 2021இல் பெரிய மனிதர் பலர் கொதித்துக் கேட்டதும் இதையே அன்றோ! சிறுமி அறியாமல் கேட்டாள். அவர்கள் அறிந்தே கேட்டனர். 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்திலே பல ஊர்கள் கூடிய அமைப்புக்கு ஆங்கிலம் இட்ட பெயரும் 'யூனியன்'; அரசமைப்பின் முதற்பிரிவிலே மாநிலங்கள் கூடிய நாட்டுக்கு இட்ட பெயரும் 'யூனியன்'. சோவியத் ஒன்றியம் என்றபோதும் ஐரோப்பிய ஒன்றியம் என்றபோதும் எவருக்கும் ஊராட்சி நினைவு வரவில்லை! 'மத்திய' என்ற சொல், 1919ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரங்களை மத்தியம், மாகாணம் என்று பிரித்த வழக்கின் எச்சம். நடுவிலே ஒன்று, சுற்றிலும் மற்றவை என்ற ஓவியத்தை அது மனத்திலே தீட்டிவிடுகிறது.

நம் பக்கத்திலும் ஒரு மிகையுண்டு. அதையும் மறைக்க வேண்டாம். 'யூனியன்' என்றாலே மாநிலங்கள் ஒப்பந்தம் செய்து கூடியவை, வேண்டுமானால் விலகலாம் என்று பொருளல்ல. 1948 நவம்பர் 4இல் அம்பேத்கர் அந்தச் சொல்லுக்குத் தந்த விளக்கம் நேர்மாறானது: இந்தக் கூட்டாட்சி மாநிலங்களின் ஒப்பந்தத்தால் விளைந்ததன்று, ஆகவே விலகும் உரிமையும் இல்லை என்பதைக் காட்டவே அச்சொல் என்றார். ஆகவே 'ஒன்றியம்' கலகச் சொல்லுமல்ல, கனவுச் சொல்லுமல்ல. சட்டத்திலே உள்ளதை உள்ளவாறு சொல்லும் பெயர்ப்பு. 2021 சூன் 23இல் சட்டமன்றத்திலே முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் முதற்பிரிவையே சான்று காட்டினார். அச்சொல்லைத் தடுக்கக் கோரிய வழக்கை அடுத்த திங்களே மதுரை அமர்வு தள்ளுபடி செய்தது.

சிறுமிக்கு நாம் சொன்ன விடை வேறு. "அம்மா, உன் வீட்டுக்குப் பின்னால் விளைகிறதே உப்பு, அதைப் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் யாருடையது?" என்றோம். விழித்தாள். ஏழாம் அட்டவணையின் முதற்பட்டியலிலே 58ஆம் இனமாக உப்பு இருக்கிறது. உற்பத்தி, வழங்கல், கட்டுப்பாடு எல்லாம் ஒன்றியத்தின் கையிலே. இங்குள்ள அளத்திலே ஒரு பகுதி ஒன்றிய உப்புத் துறையின் நிலம், குத்தகைக்கு விட்டது. 1805இல் கும்பினியார் சென்னை மாகாணத்து உப்பைத் தனியுரிமையாக்கினர். 1947இல் உப்பு வரி ஒழிந்தது. பட்டியலிலே இடம் மட்டும் அப்படியே மேலே இருக்கிறது. கடல் நம்முடையது, வெயில் நம்முடையது, கால் கரிப்பது நம்முடையது!

இனி வலிக்கும் இடத்துக்கு வருகிறோம். 'பிற்படுத்தப்பட்ட' என்பது உண்மையைச் சொல்லும் சொல்தான். ஆனால் நீதிமன்றத்திலே எந்தச் சொல் செல்லும்? 348ஆம் பிரிவின்படி உச்சநீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். உயர்நீதிமன்றத்தின் மொழியும் ஆங்கிலம். ஆளுநர் குடியரசுத் தலைவரின் இசைவோடு வேறு மொழியையும் அனுமதிக்கலாம். இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்நீதிமன்றங்களிலே இந்திக்கு அந்த இசைவு கிடைத்தது. 2006இல் தமிழ்நாடு சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது, இசைவு வரவில்லை. 1987இல் 58ஆம் திருத்தத்தால் 394-அ பிரிவைச் சேர்த்து, அரசமைப்பின் இந்திப் பெயர்ப்புக்கு அதிகாரத் தகுதி அளித்தனர். அந்தப் பெயர்ப்பின் முதற்பிரிவைப் பாருங்கள்: ஆங்கிலத்திலே 'இந்தியா, அதாவது பாரதம்' என்றிருப்பது, இந்தியிலே 'பாரதம், அதாவது இந்தியா' என்று முன்பின்னாகி நிற்கிறது! அத்தகைய மாற்றமுள்ள பெயர்ப்புக்கும் அதிகாரம் உண்டு. நம் மாணவனைக் கேள்வி கேட்க வைத்த தமிழ்ச் சொல்லுக்கோ, அந்தக் கூடத்திலே நாற்காலி இல்லை. நீதிபதி முன் விரியும் ஏட்டிலே இன்றும் இருப்பது 'பேக்வர்டு'. அங்கே யாரும் யாரையும் பிற்படுத்தவில்லை.

அந்த வெற்றிடம் வழியாகத்தான் 2019இல் மற்றொன்று நுழைந்தது. 1951இல் வாயிலிலே நிறுத்தப்பட்ட பொருளாதாரம் என்ற சொல், 68 ஆண்டுகள் கழித்து 103ஆம் திருத்தமாக வந்தது. 15(6), 16(6) என்ற புதுப் பிரிவுகள்; பொருளாதாரத்திலே நலிந்த பிரிவினருக்குப் பத்து விழுக்காடு வரை இடம்; ஏற்கெனவே ஒதுக்கீடு பெறும் வகுப்பினருக்கு அதிலே பங்கில்லை. உப்பு வாரும் தாயின் வறுமை அந்த வறுமைக் கணக்கிலே சேராது! 2022 நவம்பர் 7இல் உச்சநீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற கணக்கிலே அதை ஏற்றது. மாறுபட்ட இருவர் கேட்டதும் இந்தப் பங்கில்லாமையைப் பற்றித்தான்.

பின்னுக்குத் தள்ளியது யார் என்று 15(4) கேட்கத் தூண்டிற்று, தமிழிலாவது. புதிய பிரிவோ எவரையும் எதையும் கேட்பதில்லை. 'வீக்கர்' என்றது ஆங்கிலம். 'நலிந்த' என்று தமிழ்ப்படுத்தினர். இந்த முறை பெயர்ப்பாளர் மூலத்தை மீறவில்லை, மீறவும் இடமில்லை. 'நலிவுறுத்தப்பட்ட' என்று எழுதியிருந்தால், யார் நலிவுறுத்தியது, எப்போது, எந்தப் பள்ளிவாயிலிலே, எந்தக் கிணற்றடியிலே என்று மெய்ப்பிக்கச் சொல்லியிருப்பார்களே!

மறுவாரம் இலக்கண வகுப்பிலே பத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, வினைவகை கூறுக என்றோம். ஓடிய, ஓட்டிய, தாழ்ந்த, தாழ்த்தப்பட்ட, பின்தங்கிய, பிற்படுத்தப்பட்ட என்று சென்றது வரிசை. பத்தாவது சொல் 'நலிந்த'. படிவத்தன்று நம்மைக் கேள்வி கேட்ட மாணவன், ஒன்பதுக்கும் ஒரு சொல்லிலே விடை எழுதிவிட்டுப் பத்தாவதற்கு மட்டும் ஒரு வரி கூட்டியிருந்தான்: 'தன்வினை. யாரும் செய்யவில்லை, தானாக நடந்தது.' ஏடு நம் மேசைக்கு வந்தது. சரி என்று குறியிட்டோம்.